அப்பாவின் இரைப்பைச் சத்திரசிகிச்சை: திருகோணமலையா, வெளியூரா?

தங்கச்சி, திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு இரைப்பைப் புற்றுநோய் என்றதும், "இந்தச் சத்திரசிகிச்சையில் ஜப்பானில் நூற்றுக்கு ஒருவர்கூட இறப்பதில்லை, ஐரோப்பாவில் பத்துப் பேர் இறக்கிறார்கள், இங்கே எப்படியோ" என்று உறவினர் சொன்னதில் நீங்கள் கலங்கிப்போயிருக்கிறீர்கள்.

அந்த எண்கள் பொய்யல்ல, ஆனால் பழையவை. 1989 முதல் 1993 வரை நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், இரைப்பையோடு, புற்றுநோய் பரவக்கூடிய சிறு முடிச்சுகளான நிணநீர்க் கணுக்களையும் விரிவாக அகற்றியவர்களில் 10 சதவீதத்தினர் சத்திரசிகிச்சையை அடுத்து இறந்தார்கள். பின்னர் ஜப்பானிய ஆய்வொன்றில் அது 0.8 சதவீதம். நெதர்லாந்தில் பலருக்குக் கணையத்தின் வாலையும் மண்ணீரலையும் சேர்த்தே எடுத்தார்கள். பல வைத்தியசாலைகளில் இது அரிதாகச் செய்யப்பட்ட சிகிச்சை. ஜப்பானில் கைப்பழக்கம் அதிகம், நோயையும் முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள்.

ஆகவே ஊரின் பெயரை விட்டுவிட்டு, சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேராகக் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்கிறீர்கள்? இரைப்பையை எடுத்தபின் குடலோடு தைத்த இணைப்பில் கசிவு ஏற்பட்டால் நள்ளிரவில் யார் பார்ப்பார்கள்? அதிதீவிர சிகிச்சைக் கட்டில் உறுதியா? நல்ல மருத்துவர் இதற்குக் கோபிக்க மாட்டார். பதில் திருப்தியில்லை என்றால் மட்டக்களப்பு வைத்தியசாலைக்கோ மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கோ அனுப்பும் கடிதம் கேளுங்கள். பயணம் சிரமம்தான், ஆனாலும் போகலாம்.

அப்பா மெலிந்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. மெலிந்த உடலில் காயம் ஆறுவது கடினம். உணவு ஆலோசகரை இந்த வாரமே பாருங்கள். முட்டை, மீன், பால் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். புகைத்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சத்திரசிகிச்சைக்கு முதலில் புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை (கீமோ) தேவையா என்பதையும் கேட்டுவிடுங்கள். சி.டி. ஸ்கேன் படங்களும் திசுப் பரிசோதனை அறிக்கையும் எப்போதும் உங்கள் கையில் இருக்கட்டும்.