டீச்சரிடம் கேளுங்கள்: ‘ஈ-டி’ சேர்த்தால் போதுமா?

கேள்வி: என் மகள் ஆறாம் வகுப்பு. ‘வாக்’ என்ற ஒரே ஆங்கில வெர்பைப் பன்னிரண்டு டென்ஸிலும் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி அழுதுகொண்டே எழுதுகிறாள். இது தேவையா டீச்சர்?
— ஒரு தாய், மணப்பாறை

பதில்: அழுதுகொண்டு எழுதினால் எதுவும் மனதில் நிற்காது அம்மா. நோட்டை மூடிவைத்துவிட்டுக் குழந்தையிடம் ஒன்று சொல்லுங்கள்: ரெகுலர் வெர்புக்கு, அதாவது ‘ஈ-டி’ சேர்த்தால் இறந்த காலமாகிவிடும் வெர்புக்கு, மொத்தமே நான்கு வடிவம்தான். வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். பன்னிரண்டு வரியிலும் இந்த நான்குதான் சுற்றிச் சுற்றி வரும். முன்னால் நிற்கும் இஸ், வாஸ், ஹேவ், வில்தான் மாறிக்கொண்டிருக்கும்.

தமிழில் அவள் நடக்கிறேன், நடக்கிறாய், நடக்கிறான், நடக்கிறது, நடக்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் விகுதியை மாற்றிப் பேசுகிற பெண். ஆங்கிலத்தில் ஹீ, ஷீ, இட் வந்தால் ஓர் ‘எஸ்’, அதுவும் நிகழ்காலத்தில் மட்டும். இறந்த காலத்தில் ஐ வாக்ட், ஷீ வாக்ட், தே வாக்ட். எல்லோருக்கும் ஒன்றே.

சாப்பிடும்போது அன்றைய கதையைச் சொல்லச் சொல்லுங்கள். ‘வீ பிளேய்ட் கோ-கோ’, ‘மிஸ் கலெக்டட் அவர் நோட்ஸ்’. நாளைக்கு என்ன? ‘ஐ வில் ஃபினிஷ் மை டிராயிங்’. ‘வில் ஹேவ் பீன் வாக்கிங்’ பெரியவர்களே அபூர்வமாகச் சொல்வது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். குழந்தை அழுகிறாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: மருத்துவமனை வரவேற்பறையில் வேலை செய்கிறேன். ‘டாக்டர் வாக்கெட் அவே’ என்று சொன்னதற்குக் கூட இருப்பவர்கள் சிரித்துவிட்டார்கள். வாக்கெட்டா, வாக்குடா?
— வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டும் இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டென்ஸ் அட்டவணை எதுவும் இதைச் சொல்லித் தருவதில்லை.

எழுத்தில் ஒரே ‘ஈ-டி’, வாயில் மூன்று ஒலி. விரலைத் தொண்டையில் வைத்துக்கொண்டு வெர்பின் கடைசி ஒலியை மட்டும் சொல்லிப் பாருங்கள். வாக், ஹெல்ப், வாஷ், லாஃப்: அதிர்வு இருக்காது. இவற்றோடு ‘பட்டு’ என்பதில் வரும் அழுத்தமான ட் சேரும். பிளே, கால், கிளீன், லவ்: தொண்டை அதிரும். இங்கே ‘வண்டி’யில் வரும் தளர்ந்த ட். வான்ட், நீட், ஸ்டார்ட் போன்றவை ஏற்கெனவே ட-வில் முடிவதால் மட்டும்தான் ‘இட்’ என்று தனி அசை வரும்: வான்டிட், நீடிட். நீங்கள் அந்த அசையை ‘வாக்’கோடு சேர்த்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

‘வாக்குடு’ எங்கிருந்து வருகிறது? வல்லின மெய் தமிழ்ச் சொல்லின் கடைசியில் நிற்காது என்று பள்ளியில் படித்திருப்போம். கேட் நமக்குக் கேட்டு, பேக் நமக்குப் பேக்கு. அப்படியிருக்க, இரண்டு வல்லினம் அடுத்தடுத்து வந்து நின்றால் நாக்கு தானாக ஓர் உகரத்தைச் செருகும். இது படிப்புக் குறைவு இல்லை, தாய்மொழிப் பழக்கம். அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொன்னால் சரியாகிவிடும்: ‘வாக்-டவே’, ‘ஹெல்ப்-டஸ்’. சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள்.

ஆங்கிலக் குழந்தைகளுக்கும் இதைக் காதுதான் கற்றுக்கொடுக்கிறது. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், இல்லாத வெர்ப்களை உருவாக்கி, ‘நேற்று அவன் என்ன செய்தான்?’ என்று குழந்தைகளைக் கேட்டார். ‘ரிக்’ என்றதற்குப் பெரும்பாலோர் ‘ரிக்ட்’ என்றார்கள். ‘மாட்’ என்பதை ‘மாட்டிட்’ ஆக்கத்தான் பலர் தடுமாறினார்கள்.

கேள்வி: ‘டிட் யூ ஃபினிஷ்ட்?’ ஏன் தப்பு? நடந்து முடிந்ததைத்தானே கேட்கிறோம்?
— கல்லூரி மாணவர், ஓசூர்

பதில்: தம்பி, ‘முடித்தாயா?’ என்று தமிழில் காலத்தை வினையிலேயே வைத்துக் கேட்கிறோம், அந்தப் பழக்கம் இது. ஆனால் ‘முடிக்கவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள். ‘முடித்தவில்லை’ என்று யாரும் சொல்வதில்லையே? அதே மாதிரி, காலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்டால் வெர்ப் வெறுமனே நிற்கும்: டிட் யூ ஃபினிஷ், ஐ டிட் நாட் ஃபினிஷ்.

கூடவே இன்னொன்று. ‘நேற்றே முடித்துவிட்டேன்’ தமிழில் சரி. அதை அப்படியே ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே’ என்றால் தவறு. நேற்று, போன வாரம், 2019 என்று காலத்தைச் சொல்லிவிட்டால் ‘ஹேவ்’ வேண்டாம்: ‘ஐ ஃபினிஷ்ட் இட் யெஸ்டர்டே’.

கேள்வி: எல்லா வெர்புக்கும் ‘ஈ-டி’ போட்டிருக்கலாமே? கோ, வென்ட், கான் எல்லாம் எதற்கு?
— எட்டாம் வகுப்பு மாணவன், காரைக்குடி

பதில்: நல்ல கேள்வி கண்ணா. ஆங்கிலம் அந்தப் பக்கம்தான் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது. ‘ஹெல்ப்’ ஒரு காலத்தில் இர்ரெகுலர், அதாவது ‘ஈ-டி’ சேராத வெர்ப். 1611இல் வந்த ஆங்கில பைபிளில்கூட ‘ஹெல்ப்ட்’டுக்குப் பதில் ‘ஹோல்பன்’ என்று இருக்கிறது. பழைய ஆங்கிலத்தின் 177 இர்ரெகுலர் வெர்ப்களை எடுத்து ஆராய்ந்து 2007இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் இன்றும் இர்ரெகுலராக இருப்பவை 98தான். தினமும் வாயில் புழங்கும் கோ, கம், சீ, டேக் போன்றவை பழைய வடிவத்தை விடுவதில்லை. எப்போதாவது வருபவை சீக்கிரம் ‘ஈ-டி’க்கு மாறிவிடுகின்றன. புதிதாகப் பிறப்பவையும் அப்படித்தான்: கூகுள், கூகுள்ட்.

கேள்வி: ‘ஸ்டாப்ட்’டில் இரண்டு ‘பி’. ‘விசிட்டட்’டில் ‘ஈ-டி’க்கு முன்னால் ஏன் ஒரே ‘டி’?
— வாசகர், வேலூர்

பதில்: ‘விசிட்’டில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, அதனால் கடைசி எழுத்து இரட்டிப்பதில்லை, ‘ஓப்பன்’ இதே வகை. ‘அட்மிட்’, ‘ப்ரிஃபர்’ இரண்டிலும் அழுத்தம் கடைசியில், ஆகவே இரட்டிக்கும். ‘எல்’லில் முடியும் ‘டிராவல்’ போன்றவை விலக்கு: பிரிட்டிஷ் முறையில் இரண்டு ‘எல்’, அமெரிக்க முறையில் ஒன்று. எதை எழுதினாலும் ஒரே கடிதத்தில் கலக்காதீர்கள்.