ஜெராய் ஏறுகிறவர்கள் கேட்டவை: கயிறு, சப்பாத்து, ஆறு, இருட்டு

கெடாவின் ஜெராய் மலைப் பக்கம், பீடோங், குரூண், சுங்கை லாலாங் ஊர்களின் மலையேறும் குழுவில் ஒரு வாரமாகச் சேர்ந்த கேள்விகளுக்கு இன்று உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது காடு, கயிறு, கூடாரம். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பாருங்கள். காட்டில் தாயத்து வேலை செய்யுமா என்று கேட்டவர் மன்னிக்கவும், அது நம்ம இலாகா இல்லை.

தோட்டத்துத் தம்பி: அப்பா லாரியில் சாமான் கட்டும் நைலான் கயிறு முப்பது மீட்டர் கிடக்கிறது. பெருவிரல் தடிப்பு. ஸ்டோரில் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்துப் பாறை ஏறிப் பழகலாமா அண்ணே?

கூடாது தம்பி. அறுந்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. அறாமலே உன் இடுப்பை உடைத்துவிடும். பாறையில் விழும்போது உடம்பைத் தாங்குவது கயிற்றின் தடிப்பு அல்ல, அது நீண்டு கொடுக்கும் தன்மை. ஏறுவதற்கென்றே செய்த கயிறு, விழுந்த ஆளோடு சேர்ந்து நீளும். முதல் பெரிய விழுகையில் நாற்பது விழுக்காடு வரை நீளலாம் என்று ஐரோப்பியத் தரம் இஎன் 892 வரம்பு வைத்திருக்கிறது. அப்படி நீண்டு, உடம்பில் விழும் அடியை 12 கிலோநியூட்டனுக்குள் அடக்க வேண்டும். அதுவே ஏறக்குறைய 1,200 கிலோ எடை தொங்குவது போன்ற இழுப்பு. லாரிக் கயிறு நீளாது. சாமான் அசையக் கூடாது என்றுதானே அதைக் கட்டுகிறோம்? அதில் விழுந்தால் அடி முழுவதும் உன் இடுப்புக்கும், மேலே மாட்டிய கொக்கிக்கும் ஒரே நொடியில் போகும். தனியாகப் பயன்படுத்தும் ஏறுகயிற்றின் நுனிப் பட்டையில் வட்டத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். அது இல்லாத கயிற்றில் தொங்காதே.

இன்னொன்று. ஸ்டோரில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தனியாகக் கேட்டேன். கித்தாப் பால், அதாவது ரப்பர் பால், உறைய வைக்கும் ஆசிட் டின் என்றாய். அது பார்மிக் அமிலம். நைலானை அடர்த்தியான பார்மிக் அமிலத்தில் போட்டால் சர்க்கரை மாதிரி கரைந்தே போகும். கயிற்றின் மேல் நாலு சொட்டு தெறித்து, காய்ந்து, தூசி படிந்திருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காரின் பின்பெட்டியில் பேட்டரி பக்கத்தில் கயிறு போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். நல்ல கயிறு வாங்கினாலும் அந்த ஸ்டோர் பக்கம் கொண்டு போகாதே. முதலில் பினாங்கில் உள்ளரங்கு சுவர் ஒன்றில் பழகு. '8' வடிவ முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டு போட வந்த பிறகு பெர்லிஸ் புக்கிட் கெத்ரி சுண்ணாம்புப் பாறைக்குப் போகலாம். ஏறினவரைக் கீழே இறக்கும்போது கயிற்றின் மறுநுனியில் ஒரு முடிச்சு கட்டாயம். கயிறு போதாமல் நுனி கையிலிருந்து நழுவி ஆள் விழுவது இந்த விளையாட்டில் வழக்கமாக நடக்கும் விபத்து.

அதே தம்பி: பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய கொக்கி?

சாவி மாட்டு. ஏறுகிற கொக்கியின் முதுகில் கிலோநியூட்டன் கணக்கு பொறித்திருக்கும். நீளவாக்கில் 20-க்குக் குறையாது, வாய் திறந்திருந்தால் 7 அளவுக்கு இறங்கிவிடும். அதனால்தான் வாயைப் பூட்டச் சொல்வது.

குரூண் அக்கா: அண்ணனுடைய செம்பனை வெட்டும் மஞ்சள் ஹெல்மெட் போதுமா?

மேலிருந்து விழும் கல்லுக்கு ஓரளவு தாங்கும். ஆனால் வேலையிடத்து ஹெல்மெட்டின் தாடை வார், எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்காமல் கழன்று விழும்படி செய்தது. பாறை ஹெல்மெட்டின் வார் கழலவே கூடாது. நீங்கள் உருண்டு விழும்போது முதல் அடியிலேயே தலையை விட்டுப் போகிற ஹெல்மெட்டால் என்ன பயன்? நடைக்கு மட்டும் என்றால் தொப்பி போதும்.

மூன்று பிள்ளைகளின் அம்மா: பள்ளி விடுமுறைக்குத் துப்பா அருவிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறோம். வெயில் நன்றாக அடிக்கிறது. பயப்பட வேண்டியது உண்டா?

உண்டு அக்கா. வெயில் அடிக்கிறது என்று நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பயம். ஜெராய் 1,217 மீட்டர். கடலோர வயல்வெளியிலிருந்து நேராக எழும்பி நிற்பதால் மேகம் உச்சியில் மோதி அங்கேயே கொட்டும். கீழே பிள்ளைகள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கும்போதே மேலே அடைமழை பெய்யலாம். 2021 ஆகஸ்ட் 18 அன்று யான், மெர்போக் பக்கம் மலையிலிருந்து மரமும் பாறையும் சேறுமாக இறங்கிய வெள்ளத்தில் உயிர்கள் போயின. கெப்பாலா ஆயேர் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அது வருவதற்கு முன் ஆறு காட்டும் அடையாளங்களைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று டீத் தண்ணீர் நிறத்துக்கு மாறும். இலையும் சுள்ளியும் கொத்துக் கொத்தாக மிதந்து வரும். நீங்கள் உட்கார்ந்திருந்த கல் நனையத் தொடங்கும். மேலே தூரத்தில் லாரி ஓடுகிற மாதிரி இரைச்சல் கேட்கும். இவற்றில் ஒன்றைக் கண்டால் போதும், துணி, செருப்பு, பிரியாணிச் சட்டி எதையும் எடுக்காமல் கரையில் மேட்டுக்கு ஏறுங்கள். ஆற்றோரமாகக் கீழ்நோக்கி ஓடக் கூடாது, தண்ணீர் உங்களை முந்தும். ஆற்றின் நடுவில் உள்ள பெரிய பாறையில் பாய் விரிக்கிற பழக்கத்தையும் விடுங்கள். திரும்பி வரும் வழி முதலில் மூழ்கும்.

பிறகு எலிக்காய்ச்சல். காலில் வெட்டுக்காயம் இருக்கிற பிள்ளையைத் தண்ணீரில் இறக்க வேண்டாம். அருவிக்குப் போய் வந்து இரண்டொரு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் கிளினிக்கில் "அருவியில் குளித்தோம்" என்று நீங்களாகவே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டிங்கி என்று நினைத்துக்கொண்டே நாள் ஓடிவிடும்.

டியூஷன் டீச்சர்: ஜெராய் உச்சிக்கு ஏற எத்தனை மணி நேரம்?

யார் ஏறுகிறார், எந்தப் பாதை, மழையா என்பதைப் பொறுத்தது. நான் கேட்கும் கேள்வி வேறு: எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? பகல் ஒரு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் ஒரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். மூன்று மணிக்கு மேல் இடி மழை, மரத்தடியில் ஆறரைக்கெல்லாம் இருட்டு. ஆளுக்கொரு தலைவிளக்கு. கைப்பேசி வெளிச்சம் கணக்கில் சேராது.

புது உறுப்பினர்: அட்டைக்கு என்ன செய்வது? உப்பா, புகையிலையா?

நகத்தால். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அந்தப் பக்கம் தோலை ஒட்டி நகத்தைச் செலுத்தித் தள்ளினால் விட்டுவிடும். உப்பு, லைட்டர் எல்லாம் வைத்தால் குடித்ததைக் காயத்திலேயே கக்கக்கூடும். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, அது அதன் எச்சிலின் வேலை. பயம் வேண்டாம்.

ஜிம் பையன்: 600 ரிங்கிட்டுக்கு நீர்புகா பூட்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

இதற்கு நான் பதில் எழுதுவதற்குள் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர் ஐயா குறுக்கே வந்துவிட்டார். அப்புறம் குழுவே சப்பாத்துப் பக்கம் சாய்ந்தது. சுருக்கித் தருகிறேன்.

மண்டோர் ஐயா: "நாற்பது வருஷம் கித்தாக் காட்டில் கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்துதான். பத்துப் பதினைந்து ரிங்கிட். விடியக்காலம் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நின்று, சேற்றில் பால் எடுக்க மரம் வெட்டி, வழுக்கி விழுந்தது இல்லை. 600 வெள்ளிக்கு ஒரு ஆடு வாங்கலாம்."

ஜிம் பையன்: "கணுக்காலுக்குப் பிடிப்பு இல்லையே ஐயா, மடங்கினால்?"

மண்டோர் ஐயா: "பார்த்து வை காலை."

இன்னும் பலர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் அதே ரப்பர் சப்பாத்தில் மலை ஓட்டப் போட்டி முடித்த படம் போட்டார். இன்னொருவர் நகம் கறுத்த கால் படம் போட்டார். சாப்பிடும் நேரத்தில் அது தேவையா?

சரி, என் தீர்ப்பு. சேற்றுக்கும் செம்மண் சரிவுக்கும் ஐயா சொல்வதுதான் சரி. அடியில் உள்ள குமிழ்கள் மண்ணைக் கவ்வும், சப்பாத்து தண்ணீரைக் குடிக்காது, கழுவிக் கவிழ்த்தால் முடிந்தது. நீர்புகா பூட்ஸில் நம்ம ஊர் மழை மேல்வாய் வழியாக இறங்கும், இறங்கினது வெளியே வராது. இரண்டு கால்களிலும் இரண்டு வாளி. ஆனால் வழவழப்பான ஈரப் பாறையில் அதே குமிழ்கள் எதிரி. குமிழின் நுனி மட்டும்தான் பாறையில் படும், அங்கே தட்டையான அடிப்பாகமே பிடிக்கும். இறக்கத்தில் விரல் முன்பக்கம் இடித்து நகம் போகும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, பந்து விளையாடும் தடித்த காலுறை போடுங்கள். உள்ளங்கால் வளைவுப் பக்கம் சூட்டுக் கம்பியால் இரண்டு ஓட்டை போட்டால் தேங்கின தண்ணீர் வடியும்.

ஐயா மறந்த ஒன்று, காப்பாக் போடோ. நம்ம வடக்குப் பக்கத்துக் கித்தாக் காட்டில் சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும் விரியன். ஆள் வந்தாலும் நகராது, மிதிக்கப் போகும்போது கடிக்கும், கடிப்பது பாதத்தில், கணுக்காலில். அந்த ஒரு விஷயத்தில் உயரமான பூட்ஸுக்கு மதிப்பு உண்டு. கடித்தால் கட்டு இறுக்கிப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட காலை அசைய விடாமல் ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஜிம் பையனுக்கு இன்னொரு செய்தி. விலை உயர்ந்த பூட்ஸ் பலவற்றின் நடு அடுக்கு பாலியூரித்தேன். போடாமல் பெட்டியில் வைத்தாலும் காற்றின் ஈரத்தில் அது மெல்ல மெல்லச் சிதையும். நாலைந்து வருஷம் அலமாரியில் தூங்கின பூட்ஸ், மலையில் பாதி வழியில் வாய் பிளக்கும். வாங்கினால் போட்டுத் தேய். அலமாரியில் வைக்கத்தான் என்றால் ஐயா சொன்ன ஆட்டையே வாங்கு.

மண்டோர் ஐயா இதற்கும் பதில் எழுதியிருக்கிறார். படித்தேன். அடுத்த கேள்வி.

மெர்போக் தம்பதி: மழை வந்தால் கூடாரத்துக்குள் கேஸ் அடுப்பில் மேகி போடலாமா?

வேண்டாம். நெருப்பு மட்டும் ஆபத்து இல்லை, கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மணக்காது, கண்ணில் தெரியாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். மழைக்குப் பயந்து கரியடுப்பைக் கூடாரத்துக்குள் இழுத்து வைப்பது இதைவிட மோசம். வெளியே ஒரு தார்ப்பாய் கட்டிச் சமையுங்கள். டின் அடுப்பின் மேல், டின் பக்கத்தையும் மூடுகிற அகலச் சட்டி வைக்காதீர்கள். சூடு திரும்பி டின்னில் இறங்கினால் வெடிக்கும். நம்ம ஊர் வெப்பத்துக்குச் சாதாரண பியூட்டேன் டின் போதும், பனி மலைக்கான விலை உயர்ந்த கலவை தேவையில்லை.

சுங்கை லாலாங் அண்ணன்: செம்பனைக் காட்டு ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

கூடாது. கொதித்தால் கிருமி சாகும், களைக்கொல்லி சாகாது. தோட்டத்துக்கு மேலே, காட்டுக்குள் எடுத்த தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டுக் குடியுங்கள்.

இன்னொரு புது உறுப்பினர்: ஜெராய் ஏற எத்தனை மணி நேரம் ஆகும் சார்?

மேலே டீச்சருக்குச் சொன்னேன்.

கல்லூரிப் பெண்: வழி தவறினால் ஆற்றைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வந்துவிடும் என்று தாத்தா சொல்வார். சரியா?

சமவெளியில் சரியாக இருக்கலாம்மா. ஜெராயில் ஆறு என்றால் அருவி. ஆற்றோடு இறங்கினால் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஒரு பாறை விளிம்பில் போய் நிற்பாய். அங்கே அருவி இரைச்சலில் தேடுகிறவர்கள் கத்துவதும் உனக்குக் கேட்காது. வழி தவறியது உறைத்த இடத்திலேயே நில். கைப்பேசியில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் 999 அடி. உன் கம்பெனி சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி கோபுரம் இருந்தால் அவசர அழைப்பு போகும். இருக்கும் இடத்தின் எண்களை வரைபடத்தில் பார்த்து பொம்பா தீயணைப்புப் படையிடம் சொல். விசில் ஒரு நிமிடத்தில் ஆறு தரம், ஒரு நிமிடம் இடைவெளி, திரும்ப ஆறு. அந்தியில் காட்டில் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பார்கள். விசிலுக்குப் பேர் கிடையாது, தைரியமாக ஊது. நனைந்த பருத்திச் சட்டையைக் கழற்றிக் காய்ந்ததைப் போடு. உச்சி, கீழே உள்ளதைவிட ஏழு பாகை குளிரும். மழையும் காற்றும் சேர்ந்தால் நம்ம நாட்டிலும் உடம்பு விறைக்கும். தலைவிளக்கு இருக்கிறதல்லவா?

குரூண் ஃபோர்மேன்: அனுமதி கண்டிப்பாக வேண்டுமா? யாரும் பார்ப்பதில்லையே.

காட்டுக் காப்பகத்துக்குள் வன இலாகா அனுமதி இல்லாமல் நுழைவது 1984 தேசிய வனச் சட்டப்படி குற்றம். அபராதம் 10,000 ரிங்கிட் வரை, சிறை மூன்று வருஷம் வரை, இரண்டுமே கூட விழலாம். அதைவிட, ஆள் காணாமல் போனால் எந்தப் பாதையில் எத்தனை பேர் என்று எழுதி வைத்த ஒரே தாள் அதுதான்.

இன்னொருவர்: சார், ஜெராய்க்கு எவ்வளவு நேரம், ரப்பர் சப்பாத்து போதுமா?

ஒரு மணிக்குத் திரும்பு. போதும். தலைவிளக்கு எடு.

குளவிக் கூடு பற்றிக் கேட்ட அக்காவுக்கும் கூடாரத் தையல் பற்றிக் கேட்டவருக்கும் அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை கூட்டைக் கண்டால் கல் எறியாமல் வந்த வழியே திரும்புங்கள். மண்டோர் ஐயா, ஆட்டு விலை 600 வெள்ளிக்கு மேல் போய் ரொம்ப நாளாகிறது.