பட்டுப்போன கண்டல் கன்றுகளை வைத்தே பாடம் நடத்தலாம்

வணக்கம் சேர். இரண்டாம் வருடப் பிள்ளைகள் மட்டக்களப்பு வாவிக்கரையில் நட்ட கண்டல் (உப்புநீர்க் கரையில் வளரும் மரம்) கன்றுகளில் பாதிக்கு மேல் பட்டுப்போய்விட்டன, அறிக்கையில் எல்லோரும் ‘இன்னும் நட வேண்டும்’ என்றே எழுதியிருக்கிறார்கள் என்கிறீர்கள். இப்போதைக்குப் புதிதாக நட வேண்டாம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட பல இடங்களும் இப்படித்தான் போயின. இடம் பார்க்காமல் நட்டது ஒரு பெரிய காரணம்.

முதலில் ஊகத்தை எழுதட்டும். உப்பா, நீர்மட்டமா, மாடா? (மாட்டை மறந்துவிடாதீர்கள்.) இது சரியென்றால் கரையில் எதைக் காண்போம், பிழையென்றால் எதைக் காண்போம் என்று இரண்டு வரி. இதற்கே ஒரு வகுப்பு போனாலும் பரவாயில்லை.

பாடப்புத்தகம் கடலின் வற்றுப்பெருக்கைப் பேசும். நம் வாவியில் அது சிறிது. வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் அடைத்துக் கிடக்கும்போது மாரி மழை பெய்தால் மட்டம் ஏறி நிற்கும். அந்த மணலை வெட்டிவிட்டால் மளமளவென்று இறங்கும். அத்தனை நாளும் கன்றின் இலை நீருக்குள் இருந்ததா? சென்ரிமீட்டர் குறித்த கம்பொன்றை ஊன்றித் தினமும் ஃபோனில் படமெடுக்கச் சொல்லுங்கள். தப்பிய கன்று, செத்த கன்று இரண்டும் நிற்கும் தரைமட்டத்தை அந்தக் கம்போடு ஒப்பிட, மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும்.

அப்புறம், நடாத துண்டொன்றையும் வேலியடைத்து விடுங்கள். விதை தானாக வந்து முளைக்கிறதா பார்க்கலாம். தில்லை மரம் நின்றால் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

புள்ளியைப் பொறுத்தவரை, தன் ஊகம் பிழையென்று அளந்து காட்டியவருக்கும் முழுப்புள்ளி கொடுங்கள்.