'மீனாட்சி'யின் புள்ளி எங்கே போச்சு?

கல்யாணமும் தீபாவளியும் நெருங்கினால் பினாங்கில் எனக்கு வரும் கேள்விகள் பாதி லேசர் மெஷினில் வெட்டும் மரப்பெட்டியைப் பற்றித்தான். இந்தத் தடவை வந்தவற்றில் சில.

3 மில்லி பிளைவுட்டில் பெட்டி வெட்டி வாங்கினேன். மூலையில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பல்லெல்லாம் லொடலொடவென்று ஆடுகிறது, நுனியும் துருத்துகிறது. மெஷின் கோளாறா அண்ணே? (பட்டர்வொர்த்)

மெஷினைத் திட்டாதீர்கள், தங்கச்சி. இது இரண்டு தனித்தனித் தப்பு. நுனி துருத்தினால் தடிமன் கணக்கு பிசகியிருக்கிறது. 3 மில்லி என்று விற்கிற பலகையை வெர்னியர் அளவுகோலில் பிடித்துப் பாருங்கள், 2.7 காட்டும், அடுத்த பலகை வேறொன்று காட்டும். கடைக்காரர் சொன்னதை விட்டுவிட்டு, அளந்ததை வைத்து வரையுங்கள்.

பல் ஆடுவதற்குக் காரணம் வேறு. லேசர் தன் வழியில் இருக்கும் மரத்தை எரித்துக்கொண்டுதான் போகும். அந்தக் கோடு 0.15 மில்லி அகலம் என்றால், பல் அவ்வளவு மெலியும், அது உட்காரும் பள்ளம் அவ்வளவு அகலும். ஆக 0.3 மில்லி இடைவெளி. வரையும்போது வெளிக்கோட்டை அந்த அகலத்தில் பாதி, அதாவது 0.075 மில்லி, வெளியே தள்ளினால் சரியாகிவிடும். பாக்சஸ்.பை என்ற இலவசக் கருவியில் வரைபவர்கள் 'பர்ன்' என்ற இடத்தில் இந்தப் பாதி அளவைத்தான் போட வேண்டும். முழு அளவைப் போட்டால் சுத்தியல் தேட வேண்டிவரும். எதற்கும் அதே பலகையின் ஓரத்தில் இரண்டே இரண்டு பல் வெட்டிப் பொருத்திப் பார்த்துவிட்டு மீதியை வெட்டச் சொல்லுங்கள்.

மூடியில் மகள் பெயர் 'மீனாட்சி' வர வேண்டும். ஓட்டையாக வெட்டலாமா, எழுத்தைத் தனியாக வெட்டி ஒட்டலாமா? (புக்கிட் மெர்தாஜம்)

இரண்டிலும் தமிழ் நம்மைச் சோதிக்கும். ஓட்டையாக வெட்டினால் ம, ன இவற்றின் வயிற்றுக்குள் இருக்கும் மரம் கையோடு வந்துவிடும்; மெல்லிய பாலம் விட்டு வரைய வேண்டும். தனியாக வெட்டினால் 'னா'வின் கால் ஒரு துண்டு, 'ட்' மேல் புள்ளி ஒரு பொடித் துண்டு. நான் ஒரு கல்யாணத்துக்கு 60 பெட்டி ஒட்டிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் புள்ளி மெஷின் தட்டுக்கு அடியில் விழுந்து கிடந்தது. கண்டுபிடித்தது மணப்பெண்ணின் பாட்டி. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார்!

எழுத்துகளை அடியில் ஒரு பட்டையால் இணைத்து, புள்ளியையும் எழுத்தோடு ஒட்ட வைத்து வரையுங்கள். அந்த வம்பே வேண்டாமென்றால் மேலாகப் பொறித்துவிடுங்கள். என் கண்ணுக்கு அதுதான் அழகு.

இன்னொன்று: கடைக்கு அனுப்பும் வரைபடக் கோப்பில் பெயரைத் தட்டச்சு எழுத்தாகவே விடாதீர்கள். கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும், கொம்பு இடம் மாறும். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்துக் கோடாக்கி அனுப்புங்கள்.

வெட்டிய ஓரமெல்லாம் புகைக்கறை. (பிறை)

வெட்டும் முன் பலகை முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கறை என்றால் 320 நம்பர் உப்புத்தாள், இழை போகும் திசையில்.

உள்ளே லட்டு, அதிரசம் வைக்கலாமா? லெதர் மாதிரித் துணியை லேசரிலேயே வெட்டி அடியில் ஒட்டலாமா? (ஆயர் ஈத்தாம்)

பலகாரம் நேரடியாக மரத்தில் படக்கூடாது. பிளைவுட்டில் பசை இருக்கிறது, அதிரசத்தில் எண்ணெய் இருக்கிறது. டப்பாவில் போட்டு வையுங்கள். துணி விஷயத்தில் கறாராகச் சொல்கிறேன்: அது பிவிசி பிளாஸ்டிக் என்றால் லேசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நெஞ்சுக்கும் ஆகாது, மெஷின் இரும்பையும் அரித்துவிடும். கத்தரிக்கோல் போதும்.

வார்னிஷ் பூசிய மூடி பத்தே நாளில் வளைந்துவிட்டது. (ஜார்ஜ்டவுன்)

மேல்பக்கம் மட்டும் பூசியிருப்பீர்கள். நம் ஊர் ஈரக்காற்றை அடிப்பக்கம் மட்டும் குடித்து உப்பியிருக்கும். அடுத்த மூடிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு பூசுங்கள், ஓரங்களையும் விடாமல்.