80 நகர்த்தல் ஆடியும் டிராவா?

கேள்வி: பெரிய செஸ் வீரர்கள் மோதினாலே ஆட்டம் டிராவில் முடிகிறது. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு ஆடுகிறார்களோ? மணிக்கணக்கில் பார்த்த நமக்குத்தான் ஏமாற்றம்.

பதில்: அப்படி நடப்பதே இல்லை என்று சாதிக்க மாட்டேன். பதினைந்து நகர்த்தலில் கைகுலுக்கிவிட்டு எழுந்துபோகும் டிராக்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான். அதைத் தடுக்கவே சில போட்டிகளில் 30 நகர்த்தலுக்கு முன்னால் டிரா பேசக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா டிராவையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2018-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், 80 நகர்த்தல் ஆடி டிராவான ஆறாவது ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். அப்போதைய சாம்பியன் கார்ல்சனுக்கு வெள்ளை. அவரை எதிர்த்த கருவானா ஆடியது பெட்ராஃப் தற்காப்பு; கறுப்பு ஆடும் ஒரு தொடக்க முறை, டிராவுக்குப் பேர்போனது. அதிலேயே வெள்ளை மெல்ல மெல்லப் பின்தங்கியது. கடைசியில் கார்ல்சன் ஒரு குதிரையைக் கொடுத்து, பதிலுக்கு மூன்று சிப்பாய்களை எடுத்துக்கொண்டு, எதிராளி உள்ளே நுழைய முடியாதபடி அரண் கட்டி உட்கார்ந்துவிட்டார்.

68-வது நகர்த்தலில் கருவானாவுக்கு வெற்றி இருந்தது. கண்டுபிடித்தது கணினி. கறுப்பு மந்திரி (பிஷப்) எச்4 கட்டத்துக்குப் போக வேண்டும். அப்புறம் குதிரை ஜி1-இல் போய் நிற்க வேண்டும். வெள்ளை மந்திரி ஜி4-க்கு வந்தால் போதும், அந்தக் குதிரைக்கு வெளியே வரும் மூன்று கட்டங்களும் அடைபட்டுவிடும். தன் குதிரையைத் தானே கொண்டுபோய்ச் சிறைவைப்பது! ஆனால் அதன்பின் கறுப்பு ராஜா ஒரு கட்டம் நகர்ந்து சும்மா நின்றாலே, வெள்ளை எதை நகர்த்தினாலும் அரண் உடைகிறது. மேட் வர இன்னும் 30 நகர்த்தலுக்கு மேல் ஆகும். பல மணி நேரம் ஆடிக் களைத்த ஒருவர் மேசையில் உட்கார்ந்து இதைப் பார்க்க முடியுமா? முடியவே முடியாது. கருவானா கோட்டைவிட்டார் என்று எழுதியவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அந்தப் போட்டியில் 12 ஆட்டங்களும் டிரா. பட்டப் போட்டி வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பிறகு சமநிலையை உடைக்க வைத்த, நேரம் குறைந்த விரைவு ஆட்டங்களில் 3-0 என்று கார்ல்சன் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார்.

சரி, ஒன்று செய்யுங்கள். திரையோரம் ஏறி இறங்கும் கணினி மதிப்பீட்டை மறைத்துவிட்டு, அந்த ஆட்டத்தின் 60-வது நகர்த்தலிலிருந்து கறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டு ஜெயிக்கப் பாருங்கள். எத்தனை வழி திறந்திருப்பதுபோலத் தோன்றுகிறது, ஒவ்வொன்றையும் அந்த ஒற்றை வெள்ளை மந்திரி எப்படி மறிக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.