களிமண் அடுக்குகளுக்குள் கரிம மூலக்கூறு புகுந்ததை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண், ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளின் அடுக்கு. தகடுகளுக்கு எதிர்மின்சுமை உண்டு. அதை ஈடுகட்ட இடையில் சோடியம் போன்ற அயனிகள் உட்கார்ந்திருக்கும். நேர்மின்சுமை கொண்ட கரிம மூலக்கூறுகளைக் கலந்தால், அவை சோடியத்தைத் தள்ளிவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உருவம் பெரிது என்பதால் தகடுகள் விலகும். தாள்களுக்கு நடுவே அட்டைகளைச் செருகினால் புத்தகம் பருக்குமே, அதுபோல. தாள் தடிக்கவில்லை, இடைவெளிதான் கூடியது.

அந்த இடைவெளியை எக்ஸ் கதிரால் அளக்கிறார்கள். கதிர் சிதறும் கோணம் குறைந்தால் இடைவெளி கூடியிருக்கிறது என்று பொருள். தகட்டின் தடிமனையும் சேர்த்து 1.2 நானோமீட்டராக இருந்த தூரம் 1.8 ஆனதா? சரி, மூலக்கூறு உள்ளே போய்விட்டது.

அப்புறம், எக்ஸ் கதிர் வரைபடத்தில் இந்த இடைவெளியைக் காட்டும் முகடே (கோட்டில் எழும் மேடு) காணாமல் போனால் களிமண் கரைந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் தகடுகள் ஒழுங்கு குலைந்து தனித்தனியாகப் பிரிந்திருக்கும், அவ்வளவுதான்.