லாபிரிந்துலா எப்படி இரண்டாகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: லாபிரிந்துலா செல், விலங்குச் செல்லைப் போல நடுவில் இறுகிப் பிரிகிறதா? (எச்.எஸ்.சி. மாணவி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

இல்லை. லாபிரிந்துலா, தான் உண்டாக்கும் வலைக்குள் வாழும் கடல் நுண்ணுயிர். விலங்குச் செல்லில் ஆக்டின் என்ற புரத வளையம் சவ்வை உள்நோக்கி இழுக்கும். இங்கே நடுத்தளத்தில் நுண்பைகள் திரண்டு, ஒன்றோடொன்று இணைந்து, இரு சேய்ச் செல்களுக்கும் சவ்வாகின்றன. 1972இல் ஆய்வாளர் டேவிட் போர்ட்டர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் இதை ஆராய்ந்து வெளியிட்டார். தாவரச் செல் பிரிவின் சாயல் தெரியும். ஆனால் இடையில் செல்லுலோஸ் சுவர் எழும்பாது. விடைத்தாளில் பலர் சறுக்கும் இடம் இது.

கேள்வி: செல்லைச் சுற்றியுள்ள வலைக்குச் சவ்வு எங்கிருந்து வருகிறது?

செல் பரப்பிலுள்ள போத்ரோசோம் என்ற உறுப்பிலிருந்து. அந்த இடத்தில் செல் சவ்வு வெளிநோக்கித் தொடர்ந்து வலையின் சவ்வாகிறது. உட்புறம் அடர்ந்த அடைப்பு ஒன்று இருப்பதால் ரைபோசோம், மைட்டோகாண்ட்ரியா எதுவும் வலைக்குள் போகாது. லாபிரிந்துலா செல் முழுதும் வலைக்குள்ளேயே வாழ்வதால், இரு சேய்களுக்கு நடுவே திறக்கும் இடைவெளிக்கும் வலைச் சவ்வு வேண்டும். ஒரே செல்லில் பல போத்ரோசோம்கள் உண்டு என்பதை மறக்காதீர்கள். படத்தில் ஒன்றை மட்டும் வரைந்தால் போதாது.

கேள்வி: இது பூஞ்சையா?

பூஞ்சையும் அல்ல, ஃபைசேரம் போன்ற நிலத்துச் சளிப்பூஞ்சைக்கு உறவும் அல்ல. டயாட்டம் என்ற நுண்பாசி, பழுப்புப் பாசி இருக்கும் கூட்டத்தைச் சேர்ந்தது.

கேள்வி: கொலேஜ் ஆய்வகத்தில் வளர்க்க முடியுமா? (மஹேபூர்)

முடியும். ப்ளூ பே கடற்பூங்காவில் கை வைக்காதீர்கள். வேறு கரையில் தானாக உதிர்ந்து மிதக்கும் பழுத்த கண்டல் இலையே போதும். வடிகட்டிய கடல்நீர் 1 லிட்டர், கூழாக இறுகும் அகார் 12 கிராம். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலம்) கிருமி நீக்கி, சுமார் 50 டிகிரிக்கு ஆறியபின் குதிரைச் சீரம் 10 மி.லி., பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் தலா அரை கிராம். சீரத்தை முன்பே ஊற்றிக் கொதிக்க வைத்தால் திரைந்துவிடும். இலையை 1 செ.மீ. துண்டாக்கி, நுண்ணுயிர் நீக்கிய கடல்நீரில் அலசி, ஈரம் ஒற்றி, இந்த அகார் இறுகிய தட்டில் வையுங்கள். தட்டில் நீர் தேங்கினால் பாக்டீரியா முந்திக்கொள்ளும். 25 டிகிரியில் சில நாளில், துண்டின் விளிம்பிலிருந்து கண்ணாடி போன்ற மெல்லிய படலம் பரவும். அதன் ஓரத்தை அகாரோடு வெட்டி, புதுத் தட்டில் கவிழ்த்து வையுங்கள்.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது கண்ணாடிச் சில்லின் கீழ் வலை குலைவது பெரும்பாலும் உப்பு மாறுவதால். நீர் ஆவியாகாமல் விளிம்பை வாஸ்லைனால் மூடுங்கள். குழாய்நீர் ஒரு சொட்டும் சேர்க்காதீர்கள். செல்லை அப்படியே நிலைப்படுத்தும் குளூட்டரால்டிஹைடையும் கடல்நீரிலேயே கலக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு, நான்கு, எட்டு என உருண்டைச் செல்கள் கொத்தாக இருக்கின்றன. இதுவும் லாபிரிந்துலாவா?

அநேகமாக அதன் உறவான ஷைசோகைட்ரியம் வகை. லாபிரிந்துலா செல்கள் இரு முனையும் கூரான கதிர் வடிவில், வலைக்குள் வழுக்கிக்கொண்டே போகும்.